ஒரே மேடைல டிஜேவும் ஆர்கெஸ்ட்ராவும்: புதுசா வர்றவங்களுக்கு

கல்யாண ரிசப்ஷன், சாயங்காலம் 5 மணி. மேடைக்கு இடது பக்கம் ஆர்கெஸ்ட்ராக்காரங்க வேன்ல இருந்து பாக்ஸ் எறக்கிட்டு இருக்காங்க, வலது பக்கம் நான் என்னோட பாக்ஸ எறக்கிட்டு இருக்கேன், நடுவுல பூ அலங்காரம் பண்றவரு ஏணி போட்டு நிக்கிறாரு. ஜெனரேட்டர்காரரு கையில ஒயரோட வந்து "யாருப்பா மெயின் சவுண்டு?"ன்னு கேட்டாரு. ஆர்கெஸ்ட்ரா அண்ணன் என்னைப் பார்த்தாரு, நான் அவரைப் பார்த்தேன். இன்னொருத்தரும் வர்றாங்கங்கிறது அந்த நிமிஷம் வரைக்கும் ரெண்டு பேருக்குமே தெரியாது. பொண்ணு வீட்டுல கச்சேரி சொல்லியிருக்காங்க, மாப்பிள்ளை ஃப்ரெண்ட்ஸ் டிஜே சொல்லியிருக்காங்க, ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கிற ஈவென்ட் மேனேஜர் ரெண்டுக்கும் சரின்னு தலையாட்டிட்டு போன ஸ்விட்ச் ஆஃப் பண்ணிட்டாரு.

இப்ப தமிழ்நாட்டு ரிசப்ஷன்ல இது ரொம்ப சாதாரணம். அதனால புதுசா டிஜே பண்ண வர்ற தம்பி தங்கச்சிங்களுக்கும், வீட்டுல கல்யாணம் வெச்சுக்கிட்டு "ரெண்டையும் சேர்த்து சொல்லலாமா"ன்னு யோசிக்கிறவங்களுக்கும், இது எப்படி நடக்குதுன்னு எனக்குத் தெரிஞ்ச அளவுல சொல்றேன்.

மொதல்ல மொபைல் டிஜேன்னா யாரு. கிளப்ல, ஓட்டல்ல நிரந்தரமா உக்காந்து ப்ளே பண்றவர் இல்ல. லேப்டாப், கன்ட்ரோலர் (லேப்டாப்ல ஓடுற பாட்டைக் கையால மிக்ஸ் பண்ற பலகை), ஸ்பீக்கர், லைட்டு எல்லாத்தையும் ஒரு வண்டில போட்டுக்கிட்டு மண்டபம் மண்டபமா போறவர், அவ்ளோதான். கிளப் டிஜேக்கு சவுண்டு அங்கயே ரெடியா இருக்கும், நமக்கு ஒவ்வொரு ஊருலயும் கரண்டு எங்க இருந்து வருதுங்கிறதுல இருந்து ஆரம்பிக்கணும். அந்தப் பக்கம் லைவ் பேண்டுன்னா நம்ம ஊர்ல பெரும்பாலும் லைட் மியூசிக் ட்ரூப், கீபோர்டு, ரிதம் பேடு, தபேலா, டோலக், பேஸ் கிட்டார், ஃப்ளூட்டு, ஆண் குரல் பெண் குரல்னு எட்டுல இருந்து பதினஞ்சு பேர் வரைக்கும் வருவாங்க. பட்ஜெட் கம்மின்னா நாலே பேரு, மிச்ச வாத்தியம் எல்லாம் கீபோர்டுக்குள்ள இருக்கும்.

இந்த மெல்லிசைக் கச்சேரிக்கு இங்க பெரிய வரலாறு இருக்கு, பாவலர் பிரதர்ஸ், ஏ.வி.ரமணனோட மியூசியானோ மாதிரி குழுவெல்லாம் மேடைல பாடிப் பாடியே ஜனங்கள கட்டிப் போட்டவங்க. அப்பல்லாம் ஒரு கல்யாணத்துக்குப் பாட்டுன்னா அது ஆர்கெஸ்ட்ராதான், வேற பேச்சு இல்ல. ஆனா அவங்களுக்கும் மூச்சு வாங்கணும்ல, நடுவுல பாடகர் தண்ணி குடிக்கப் போற பத்து நிமிஷம் சவுண்ட் சர்வீஸ்காரரு ஒரு கேசட்டைப் போட்டு விடுவாரு. என்னைக் கேட்டா அந்தக் கேசட் போட்ட மைக் செட்டு அண்ணன்தான் நம்ம ஊரோட மொத மொபைல் டிஜே. அந்தப் பத்து நிமிஷம் கொஞ்சம் கொஞ்சமா வளர்ந்து இன்னிக்கு கடைசி ஒரு மணி நேரமே நம்மகிட்ட வந்திருக்கு.

சரி, ஏன் ரெண்டும்? சாப்பாட்டு நேரத்துல, கிஃப்ட் குடுக்க லைன்ல நிக்கிற நேரத்துல, அத்தை மாமா பெரியப்பா எல்லாம் நாற்காலில உக்காந்து மெலடி கேக்குறதுக்கு ஆள் பாடுறதுதான் அழகு. ஒரு பாட்டை யாரோ நமக்காக உயிரோட பாடுறாங்கங்கிற சந்தோஷத்தை ஸ்பீக்கர் தராது. ஆனா ஒம்பது மணிக்கு மேல பசங்க ஆடணும்னு வந்து நிக்கும்போது பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல அரை நிமிஷம் கேப்பு விழுந்தா கூட்டம் கலைஞ்சிடும். பேண்டுக்கு அந்தக் கேப்பு தவிர்க்க முடியாது, பேட்ல டோன் மாத்தணும், கீபோர்டுல சவுண்டு பேங்க் மாத்தணும், அடுத்த பாடகர் மைக்குக்கு வரணும். டிஜேக்கு கேப்பே கிடையாது. அதனால ரெண்டு பேரும் போட்டிக்காரங்க இல்ல, ஒருத்தரோட ஓட்டையை இன்னொருத்தர் அடைக்கிறவங்க. இதைப் புரிஞ்சுக்காம "எங்க கூட்டம் நல்லா இருக்கும்போது நீங்க வந்து கெடுத்தீங்க"ன்னு ரெண்டு பக்கமும் முறைச்சிக்கிட்டு நிக்கிறதத்தான் நான் நெறைய பார்த்திருக்கேன்.

மொத கேள்வி, ஜெனரேட்டர்காரர் கேட்ட அதே கேள்வி: யாரு மெயின்? அதாவது ஒரு செட்டு சவுண்டா, ரெண்டு செட்டா?

புதுசா வர்றவங்க எல்லாரும் "அவங்க பாக்ஸு அவங்களுக்கு, என் பாக்ஸு எனக்கு"ன்னுதான் நெனைப்பாங்க, நானும் மொத மூணு வருஷம் அப்படித்தான். அதுல பிரச்சனை என்னன்னா மேடை முன்னாடி நாலு டாப் பாக்ஸ் (குரலும் கூர்மையான சத்தமும் வர்றது), நாலு பேஸ் பாக்ஸ்னு சுவர் மாதிரி நின்னு, போட்டோகிராபர் வந்து கத்துவாரு. அதை விட முக்கியமா, சில மண்டபத்துல ரெண்டு செட்டையும் ஒண்ணா ஓட விடுவாங்க, கேட்டா சத்தம் டபுள் ஆகும்னு சொல்லுவாங்க. ஆகாது. 60 ஹெர்ட்ஸ் பேஸோட ஒரு அலை நீளம் கிட்டத்தட்ட 6 மீட்டர், வேற வேற எடத்துல வெச்ச ரெண்டு பேஸ் பாக்ஸ்ல இருந்து ஒரே சவுண்டு வந்தா ஹால்ல சில எடத்துல ரெண்டும் சேர்ந்து குமுறும், மூணு மீட்டர் வித்தியாசம் விழுற எடத்துல ஒண்ணை ஒண்ணு அடிச்சிக்கிட்டு பேஸே இருக்காது. மாப்பிள்ளை ஃப்ரெண்ட்ஸ் சரியா அந்த எடத்துலதான் வந்து ஆடுவாங்க, அது ஒரு விதி.

அதனால ஒரே செட்டு, ஒரே மிக்ஸர், அதாவது எல்லா மைக்கும் வாத்தியமும் வந்து சேர்ற பலகை. பெரும்பாலும் ஆர்கெஸ்ட்ரா பக்கம்தான் பெரிய மிக்ஸர் இருக்கும், ஏன்னா ஒவ்வொரு மைக்குக்கும் வாத்தியத்துக்கும் ஒரு வழின்னு அவங்களுக்கு பதினாறு இருபத்துநாலு சேனல் வேணும், நமக்கு ரெண்டே ரெண்டு, லெஃப்ட் ஒண்ணு ரைட் ஒண்ணு. அதனால அவங்க மிக்ஸர்ல நாம விருந்தாளியா போய் ரெண்டு சேனல் வாங்கிக்கிறதுதான் புத்திசாலித்தனம். எங்க செட்டு பெருசு, அவங்க செட்டு சின்னதுன்னு இருந்தா தலைகீழா பண்ணலாம், அவங்க மிக்ஸர்ல இருந்து மெயின் அவுட்டை நம்ம செட்டுக்குக் குடுக்கலாம். எப்படியோ ஒண்ணு, ஆனா ஒரே எடத்துல எல்லாம் சேரணும், அந்த எடத்துல ஒரு ஆளு நிக்கணும்.

இந்த கனெக்ஷன்லதான் புதுசா வர்றவங்க மாட்டுவாங்க, கொஞ்சம் பொறுமையா சொல்றேன். கன்ட்ரோலர் பின்னாடி ரெண்டு விதமான அவுட் இருக்கலாம். சிவப்பு வெள்ளையா டிவி பின்னாடி இருக்கிற மாதிரி இருக்கிறது ஆர்சிஏ, மூணு பின்னு வெச்சு பூட்டிக்கிற மாதிரி இருக்கிறது எக்ஸ்எல்ஆர். மேடையில இருந்து மிக்ஸர் வரைக்கும் இருபது மீட்டர் ஒயர் ஓடணும்னா எக்ஸ்எல்ஆர்தான், ஏன்னா அதுல சிக்னல் ரெண்டு ஒயர்ல எதிர் எதிரா போயி, வழில லைட்டு ஒயர்ல இருந்து ஒட்டிக்கிட்ட இரைச்சல் கடைசியில ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சு போயிடும். ஆர்சிஏல அந்த வசதி கிடையாது, ரெண்டு மூணு மீட்டர் தாண்டினா அந்தப் பக்கம் ஓடுற டிம்மர் லைட்டோட பாட்டையும் சேர்த்து கேக்கலாம். அப்புறம், மைக்ல இருந்து வர்ற சிக்னல் ரொம்ப சின்னது, நம்ம கன்ட்ரோலர்ல இருந்து வர்றது அதை விட பல மடங்கு பெருசு, அதை லைன் லெவல்னு சொல்லுவாங்க. மைக் சேனல்ல கெயின் (உள்ள வர்ற சிக்னலைப் பெருசாக்குற திருகு) ஏத்தி வெச்சிருக்கும்போது அப்படியே சொருகி பாட்டு போட்டா சவுண்டு கிழிஞ்சு, பாக்ஸோட உயிரும் போகும். சொருகுறதுக்கு முன்னாடி அந்த சேனலை ம்யூட் பண்ணி கெயினை முழுசா எறக்கச் சொல்லுங்க, அப்புறம் பாட்டை ஓட விட்டு மெதுவா ஏத்தச் சொல்லுங்க. நம்ம கன்ட்ரோலர்ல லைட்டு பச்சையில ஓடி எப்பவாச்சும் மஞ்சள் தொடணும், சிவப்பு எரியவே கூடாது. சிவப்புல ஓட்டினா சத்தம் ஏறாது, கரகரன்னுதான் ஆகும், மிக்ஸர்ல நிக்கிறவர் என்ன எறக்கினாலும் அந்தக் கரகரப்பு போகாது.

இன்னொண்ணு ஹம்மிங். ஒரு தடவை என்ன ஆச்சுன்னா, ஆர்கெஸ்ட்ரா செட்டு மொத்தமும் ஜெனரேட்டர்ல, நான் சோம்பேறித்தனமா பக்கத்து சுவத்துல இருந்த மண்டபத்து பிளக்குல என் லேப்டாப்பையும் கன்ட்ரோலரையும் சொருகிட்டேன், அது ஈபி லைன். ஒயரை மிக்ஸர்ல சொருகின உடனே "ம்ம்ம்ம்"னு ஒரு சத்தம், கோயில் யானை பெருமூச்சு விட்ட மாதிரி. ரெண்டு எடத்துல இருந்து கரண்டு எடுத்தா ரெண்டு எர்த்துக்கும் வித்தியாசம் இருக்கும், அந்த வித்தியாசம் நம்ம ஆடியோ ஒயர் வழியா ஓடி 50 ஹெர்ட்ஸ் சத்தமா கேக்கும். அங்க இருந்த ஒரு பையன் "ண்ணே, எர்த் பின்னை ஒடிச்சு விட்டா சரியாயிடும்"னு சொன்னான். சத்தம் நிக்கத்தான் செய்யும், ஆனா எர்த் இல்லாத செட்டுல ஏதாச்சும் லீக் ஆச்சுன்னா மைக்கைப் பிடிச்சுப் பாடுற ஆளுக்கு ஷாக்கு, அதனால தயவு செஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க. அன்னிக்கு கீபோர்டு அண்ணன் ஒண்ணும் பேசாம அவரோட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல இருந்து எனக்கு ஒரு பாயின்ட் நீட்டுனாரு, சொருகினேன், சத்தம் நின்னுச்சு. அதோட பாடம் கத்துக்கிட்டேன், யாரோட மிக்ஸரோ அவங்களோட கரண்டு. அப்படியும் ஹம் வந்தா கன்ட்ரோலருக்கும் மிக்ஸருக்கும் நடுவுல டிஐ பாக்ஸ்னு ஒரு சின்ன பெட்டி போடணும், உள்ள டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிற வகை, அதுல கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைப் போட்டா சிக்னல் மட்டும் போகும், ஆடியோ ஒயர் வழியா வர்ற எர்த் தொடர்பு வெட்டுப்படும். ரெண்டு டிஐ பாக்ஸ் பைல எப்பவும் கிடக்கட்டும்.

கரண்டு பேச்சு வந்ததால இதையும் சொல்லிடறேன், ஈபி போயி ஜெனரேட்டர் எடுக்குற கொஞ்ச செகண்டுல டிஜிட்டல் மிக்ஸர் ஆஃப் ஆயி மறுபடி ஆன் ஆகுறதுக்கு ஒரு நிமிஷம் கிட்ட ஆகலாம். மேடைல முழு வெளிச்சம் வந்திருக்கும், ஆனா சவுண்டு இருக்காது, முந்நூறு பேர் உங்களையே பார்ப்பாங்க. மிக்ஸருக்கும் நமக்கும் சேர்த்து கம்ப்யூட்டருக்கு வெக்கிற சின்ன யூபிஎஸ் ஒண்ணு போதும், ஆம்ப்ளிஃபயரை அதுல போடாதீங்க, அது தாங்காது.

மேடைல எடம். ட்ரம்ஸும் தபேலாவும் வெச்சதுக்கு அப்புறம் போயி "கொஞ்சம் தள்ளிக்கங்க"ன்னு கேக்காதீங்க, ஒவ்வொரு மைக்கும் அளந்து வெச்சிருப்பாங்க. மேடைக்குக் கீழ ஒரு ஓரமா டேபிள் போட்டுக்கிறது நல்லது, ஆடுறவங்க முகமும் தெரியும். ஆனா ரொம்ப தூரமா, ஹாலுக்கு பின்னாடி எல்லாம் போடக் கூடாது. சவுண்டு ஒரு செகண்டுக்கு 345 மீட்டர் கிட்டதான் போகும், பாக்ஸ்ல இருந்து 17 மீட்டர் தள்ளி நின்னீங்கன்னா உங்க காதுக்கு 50 மில்லிசெகண்டு லேட்டா வரும். 120 பிபிஎம் பாட்டுல, அதாவது நிமிஷத்துக்கு 120 பீட் ஓடுற பாட்டுல, ஒரு பீட்டுக்கும் அடுத்த பீட்டுக்கும் நடுவுல 500 மில்லிசெகண்டு, அதுல பத்துல ஒரு பங்கு தள்ளிப் போனா ஹெட்ஃபோன்ல சரியா இருக்கிற மிக்ஸு வெளில குதிரை ஓடுற மாதிரி கேக்கும். பக்கத்துல ஒரு சின்ன மானிட்டர், அதாவது நாம கேக்குறதுக்குன்னு வெக்கிற ஸ்பீக்கர், கட்டாயம் வேணும், அதை பாடகர் மைக் பக்கம் திருப்பி வெக்காதீங்க, கூவும்.

இப்ப மெயின் மேட்டர், கை மாத்துறது. பேண்டு முடிச்சு நாம ஆரம்பிக்கிற அந்த நேரம்.

என் கதை ஒண்ணு சொல்றேன். பாடகர் கடைசிப் பாட்டை முடிச்சு "நன்றி வணக்கம்"னு சொல்லிட்டாரு, ட்ரூப்ல எல்லாரும் எந்திரிச்சு ஒயரை உருவ ஆரம்பிச்சுட்டாங்க, எனக்கு அது கடைசிப் பாட்டுன்னே தெரியாது, நான் பந்தில ரெண்டாவது தடவை சாம்பார் வாங்கிட்டு இருந்தேன். கை கழுவிட்டு ஓடி வந்து பார்த்தா என் ஒயரையும் சேர்த்து உருவி வெச்சிருக்காங்க, அவங்க மேல தப்பு இல்ல, எல்லா ஒயரும் கறுப்புதான். மறுபடி சொருகி சவுண்டு வர நாலு நிமிஷம். நாலு நிமிஷம்னா கம்மியாத்தான் தெரியும், ஆனா மண்டபத்துல சத்தம் நின்ன உடனே ஜனங்களுக்கு "முடிஞ்சிடுச்சு போல"ன்னு ஒரு சிக்னல் போயிடும், தாம்பூலப் பையை எடுத்துக்கிட்டு பாதி பேர் செருப்பு தேடப் போயிட்டாங்க. அன்னிக்கு நான் ப்ளே பண்ணது மாப்பிள்ளையோட ஆறு ஃப்ரெண்ட்ஸுக்கும், ரெண்டு குட்டிப் பசங்களுக்கும், டெக்கரேஷன் கழட்டிட்டு இருந்த அண்ணனுக்கும்தான்.

அப்ப இருந்து பேண்டு லீடர்கிட்ட நான் கேக்குறது ரெண்டே ரெண்டு விஷயம். கடைசிக்கு முந்தின பாட்டு ஆரம்பிக்கும்போது எனக்கு ஒரு கை காட்டுங்க. கடைசிப் பாட்டு முடியுற அந்த அடில, ட்ரம்ஸ்காரர் சிம்பல்ல உருட்டி இழுப்பாருல்ல, அந்த இழுப்பைக் கொஞ்சம் நீட்டுங்க. அந்த உருட்டலுக்கு அடியில என் பாட்டை மெதுவா ஏத்திடுவேன், பாடகர் மைக்ல "இப்ப டிஜே!"ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், கூட்டத்துக்கு சவுண்டு நின்ன மாதிரியே இருக்காது. அவர் சொன்ன அடுத்த செகண்டு மிக்ஸர்ல நிக்கிறவரு பாடகர் மைக்கு, தபேலா மைக்கு எல்லாத்தையும் ம்யூட் பண்ணணும், இல்லாட்டி நம்ம பேஸு அந்த மைக்குக்குள்ள போயி மறுபடி பாக்ஸ்ல வந்து ஊளையிடும். மிக்ஸர் ஆளுகிட்ட இதை முன்னாடியே சொல்லி வெச்சுக்குங்க, சொல்லாட்டி அவரும் பந்திக்குப் போயிருப்பாரு.

தாளத்துல ஒரு சிக்கல் இருக்கு, இதை யாரும் சொல்லித் தர மாட்டாங்க. பேண்டு முடிக்கிறது பெரும்பாலும் குத்துப்பாட்டுல. நம்ம குத்து திஸ்ர நடை, தகிட தகிடன்னு மூணு மூணா ஓடும். டிஜே பாட்டு பெரும்பாலும் நாலு நாலா டும் டும் டும் டும். ரெண்டையும் அப்படியே ஒட்டினா ஆடுறவன் கால் தடுக்கும். ஒரு வழி என்னன்னா, ஒவ்வொரு தகிடவோட மொத அடியும் நம்ம ஒவ்வொரு டும்முக்கு நேரா வர்ற மாதிரி ஸ்பீடு வெச்சுக்கிறது, அப்ப நாலு தகிடவுக்கு நாலு டும்முன்னு கணக்கு சரியா உக்காரும், காலுக்கும் வித்தியாசம் தெரியாது. லைவ் ட்ரூப்போட ஸ்பீடு சாஃப்ட்வேர்ல தெரியாது, சாஃப்ட்வேர்ல இருக்கிற 'டேப்' (tap) பட்டனை அவங்க தாளத்துக்கு விரலால தட்டித்தான் பிடிக்கணும். அது வராட்டி பரவாயில்ல, நாமளும் ஒரு குத்துப்பாட்டுலயே ஆரம்பிச்சு, ரெண்டாவது பாட்டுல மாத்திக்கலாம்.

பாட்டு விஷயத்துல ஒரு மரியாதை இருக்கு. பேண்டு வர்றதுக்கு முன்னாடி, கூட்டம் சேர்ற நேரத்துல நாம சும்மா பாட்டு ஓட்டிட்டு இருப்போம். அப்ப போயி அந்த வருஷத்தோட சூப்பர் ஹிட்டை எல்லாம் போட்டுத் தீர்த்தா, அரை மணி கழிச்சு அதே பாட்டை அவங்க பாடும்போது ஜனங்க ஒரிஜினலோட ஒப்பிட்டுப் பார்ப்பாங்க, அது அநியாயம். அவங்க நாலு பேரு வெச்சு வாசிக்கிறதையும், ஸ்டுடியோல நூறு ட்ராக்ல செஞ்சதையும் பக்கத்துல பக்கத்துல வெக்கக் கூடாது. வெறும் வாத்தியம் மட்டும் இருக்கிறது, பழைய மெதுவான பாட்டு, இந்த மாதிரி வெச்சுக்குங்க, சவுண்டும் பேச்சுக்கு அடியில இருக்கட்டும். சாப்பாட்டு நேரத்துல பெரியவங்க பக்கத்து இலைக்காரர்கிட்ட கத்திப் பேசுற நிலைமை வந்துச்சுன்னா அது டிஜேயோட தப்புதான்.

இதெல்லாம் மேடைல நின்னு பேசுற விஷயமே இல்ல. மேடைல வர்ற சண்டைல முக்கால்வாசி, ஒரு வாரம் முன்னாடி யாராவது ஒருத்தர் பண்ணியிருக்க வேண்டிய ஒரு போன் காலைப் பண்ணாததால வர்றது. வீட்டுக்காரங்ககிட்ட அட்வான்ஸ் வாங்கும்போதே "கச்சேரி எதாச்சும் சொல்லியிருக்கீங்களா, அவங்க நம்பர் குடுங்க"ன்னு கேட்டு வாங்கிடுங்க. நான் பேசுறது இவ்ளோதான்:

"ண்ணே வணக்கம், ஞாயித்துக்கிழமை ரிசப்ஷனுக்கு டிஜே நான்தான். உங்க மிக்ஸர்ல ஒரு ஸ்டீரியோ சேனல் கிடைக்குமாண்ணே?"

"ரெண்டு காலியா இருக்கு தம்பி, ஒயரு நீங்க கொண்டு வந்துடுங்க. எத்தன மணிக்கு விடணும்?"

"ஒம்பதே காலுக்கு விட்டீங்கன்னா போதும்ண்ணே. நீங்க செக் பண்ணி முடிச்ச அப்புறம் எனக்கு அஞ்சு நிமிஷம் குடுங்க. கடைசியா என்ன பாட்டு பாடுறீங்க?"

ஒரு தடவை பேசிட்டா அப்புறம் மண்டபத்துல பார்க்கும்போது பழகின ஆளு மாதிரி ஆயிடும். இன்னிக்கு எனக்கு வர்ற புக்கிங்ல பாதி ஆர்கெஸ்ட்ராக்காரங்க சொல்லி வர்றதுதான், "டிஜே வேணுமா, நம்ம தம்பி ஒருத்தன் இருக்கான், தொல்லை பண்ண மாட்டான்"னு. தொல்லை பண்ண மாட்டான்ங்கிறதுக்கு இந்த ஃபீல்டுல என்ன மதிப்புன்னு போகப் போகத் தெரியும்.

ஒம்பதே கால்னு ஏன் சொல்றேன்னா பத்து மணி. 2000-ல வந்த ஒலி மாசு விதிகள்படி ராத்திரி 10 மணில இருந்து காலைல 6 மணி வரைக்கும் திறந்த வெளில ஒலிபெருக்கி கூடாது, மூடின ஹாலுக்குள்ள, உள்ள இருக்கிறவங்களுக்கு மட்டும் கேக்குற மாதிரின்னா விதிவிலக்கு உண்டு. திருவிழா மாதிரி விசேஷத்துக்கு வருஷத்துல 15 நாளுக்கு மிகாம ராத்திரி 12 வரைக்கும் மாநில அரசு அனுமதி குடுக்கலாம், ஆனா அது உங்க வீட்டு ரிசப்ஷனுக்குன்னு தனியா வர்ற சலுகை கிடையாது. புல்வெளில, மொட்டை மாடில நடக்குற ரிசப்ஷன்னா பத்துக்கு போலீஸ் வந்து நிப்பாங்க. இதுல பாதிக்கப்படுறது எப்பவும் கடைசில ப்ளே பண்றவன், அதாவது நாம. ரிசப்ஷன் ஒரு மணி நேரம் லேட்டா ஆரம்பிக்கும், பொண்ணு மேக்கப் முடியாது, எம்எல்ஏ வாழ்த்திப் பேசுவாரு, பேண்டு அவங்க ரெண்டரை மணி நேரத்தை முழுசா முடிப்பாங்க, டிஜேக்கு மிச்சம் பன்னெண்டு நிமிஷம். அதனால "இத்தன மணி நேரம்"னு பேசாம "இத்தன மணிக்கு"ன்னு கடிகாரத்தை வெச்சுப் பேசிக்குங்க, லேட் ஆனா ரெண்டு பேருமே கொஞ்சம் கொஞ்சம் வெட்டிக்கலாம்னு முன்னாடியே ஒத்துக்கிட்டா மனஸ்தாபம் இல்ல.

சத்தப் போட்டின்னு ஒண்ணு இருக்கு. பேண்டு ஒரு லெவல்ல வாசிச்சிருப்பாங்க, டிஜே வந்த உடனே அதுக்கு மேல ஒரு படி ஏத்துவாரு, அடுத்த சுத்துப் பாட்டுக்கு பேண்டு திரும்ப வந்தா அதுக்கும் மேல. வேலை செய்யுற எடத்துல காதைக் காப்பாத்த அமெரிக்காவுல நியோஷ் அமைப்பு வெச்சிருக்கிற கணக்குல 85 டெசிபல்னா 8 மணி நேரம் வரைக்கும் தாங்கலாம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியா குறையும், 100 டெசிபல்ல கால் மணி நேரம்தான். பாக்ஸுக்கு முன்னாடி உக்கார வெச்சிருக்கிற பாட்டியை ஒரு தடவை நெனைச்சுப் பார்த்துக்குங்க. மிக்ஸர்ல ஒரே ஆளு நின்னா இந்தப் போட்டியே வராது, அவரு ரெண்டு பேரையும் ஒரே லெவல்ல வெச்சிடுவாரு, ஆட ஆரம்பிச்ச அப்புறம் கொஞ்சம் ஏத்திக்கலாம். அவர்கிட்ட போயி "ண்ணே இன்னும் கொஞ்சம்"னு பத்து தடவை கேக்காதீங்க, வெளில அவரு கேக்குறது உங்களுக்கு மேடை ஓரத்துல கேக்காது.

காப்பிரைட் பத்தி கேப்பாங்க, சுருக்கமா சொல்றேன். பேண்டு ஒரு பாட்டைப் பாடும்போது அவங்க தொடுறது அந்தப் பாட்டோட வரியையும் மெட்டையும். நாம ப்ளே பண்ணும்போது அதோட சேர்த்து அந்தப் பதிவையும், அதாவது ஸ்டுடியோல ரெக்கார்டு பண்ணதையும் தொடுறோம். அதனாலதான் லைசென்ஸ் குடுக்குற அமைப்புகள்ல வரி மெட்டுக்கு ஐபிஆர்எஸ், பதிவுக்கு பிபிஎல்னு தனித்தனியா பேரு அடிபடுது. கல்யாணத்துக்கு 1957 காப்பிரைட் சட்டத்துல 52-வது பிரிவுல விலக்கு இருக்கு, கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தோட சேர்ந்த மத்த கொண்டாட்டமும் அதுலயே சொல்லியிருக்கு, ஆனாலும் எது வரைக்கும் கல்யாணக் கொண்டாட்டம்ங்கிறதுல கேஸ் நெறைய நடந்திருக்கு. கம்பெனி ஆண்டு விழா, டிக்கெட் போட்ட நியூ இயர் பார்ட்டி இதுக்கெல்லாம் அந்த விலக்கு கிடையாது, லைசென்ஸ் எடுக்க வேண்டியது ஈவென்ட் நடத்துறவங்கன்னு எழுத்துல வாங்கிக்குங்க.

கடைசியா, ரெண்டு பேரும் சேர்ந்தே வாசிக்கிறது. இப்ப நெறைய பேர் கேக்குறாங்க, டிஜே பாட்டு ஓட ஓட மேல லைவா தவில், செண்டை, பறை, இல்ல சாக்ஸபோன். பார்க்க ரொம்ப நல்லா இருக்கும், ஆனா ஒரு விஷயம் முடிவு பண்ணிக்கணும்: யார் யாரைப் பின்தொடர்றது. மனுஷன் வாசிக்கும்போது கூட்டம் சூடாக சூடாக ஸ்பீடு தானா ஏறும், பாட்டு ஏறாது. தவில்காரருக்கு நம்ம பாட்டு தெளிவா கேக்குற மாதிரி ஒரு மானிட்டர் அவரு காதுக்கிட்ட வெச்சா அவரே பிடிச்சுக்குவாரு, ஏன்னா தாளம் அவரு ரத்தத்துல இருக்கு. மானிட்டர் வெக்காம விட்டுட்டு அவரைக் குறை சொல்லக் கூடாது. தனி ஆவர்த்தனம் மாதிரி அவருக்கு ஒரு நிமிஷம் விடணும்னா பாட்டைச் சுத்தமா நிறுத்திடுங்க, அவரு எந்த ஸ்பீடுல வேணா போகட்டும், முடிக்கிற தீர்மானத்துல (ஒரே சொற்கட்டை மூணு தடவை வாசிச்சு முடிக்கிறது) மூணாவது தடவை அடி விழும்போது நீங்க பாட்டைத் திரும்ப உள்ள விடுங்க. மண்டபமே எந்திரிக்கும். இதுக்கு ரிகர்சல் எல்லாம் வேண்டாம், மண்டபத்துக்குப் பின்னாடி டீ குடிக்கும்போது கையில தட்டிக் காட்டச் சொன்னா போதும்.

கல்யாண வீட்டுக்காரங்களுக்கு ஒண்ணு. ரெண்டு பேருக்கும் இன்னொருத்தர் வர்றாங்கன்னு சொல்லிடுங்க, அது போதும். அப்புறம் பந்தில ரெண்டு குழுவுக்கும் நேரத்தைப் பார்த்து சாப்பாடு, பாடுறதுக்கு முன்னாடி பாடகர் வயிறு நிறைய சாப்பிட மாட்டாரு, அவங்க முடிச்சு வரும்போது பந்தியும் முடிஞ்சிருக்கும். எத்தனையோ தடவை நல்லா பாடின ஆளுங்க ராத்திரி பதினொன்றரைக்கு பரோட்டா கடை தேடிப் போறதப் பார்த்திருக்கேன்.

எல்லாம் முடிஞ்சு ஒயரு சுத்துறப்ப அவங்க ஒயரும் நம்ம ஒயரும் கலந்துதான் கிடக்கும், அதனால உங்க ஒயரோட ரெண்டு முனையிலயும் ஒரு கலர் டேப்பு ஒட்டி வெச்சுக்குங்க. என்னோடது மஞ்சள். போன மாசம் ஒரு ரிசப்ஷன் முடிஞ்சு காலைல எட்டு மணிக்கு போன் அடிச்சது, அந்த ட்ரூப்போட பேஸ் கிட்டார் அண்ணன். "தம்பி, மஞ்ச டேப்பு ஒட்டுன ரெண்டு ஒயரு எங்க வேன்ல இருக்கு. அடுத்த முகூர்த்தத்துக்கு அந்தப் பக்கம்தான் வர்றோம், அங்க வாங்கிக்கிறியா?" எந்த மண்டபம்னு கேட்டேன். அன்னிக்கு எனக்கும் அங்கதான் டிஜே.